குழலின் வாய்வழியே வெடிமருந்து இடிக்கும் பழைய ரைபிளில், அந்தக் குழலின் முறுக்கு குறியை எப்படி மாற்றுகிறது?

குழலின் உள்சுவரில் சுற்றிச் சுற்றி ஓடும் பள்ளங்கள்தான் ரைபிளிங். குண்டு ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை அங்குலம் ஆகிறதோ, அதுவே முறுக்கின் அளவு. 72 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் மெதுவான முறுக்கு. 28 என்றால் வேகமானது.

சரி, குண்டு எதற்குச் சுழல வேண்டும்? எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்து வாசலில் பம்பரம் விட்டவர்களுக்குத் தெரியும்: சுழலும்வரை நிற்கும், வேகம் குறைந்தால் தள்ளாடும். ஒல்லியாக உயர்ந்த பம்பரத்துக்கு இன்னும் வேகம் வேண்டும். நீளக் குண்டும் அப்படித்தான்; காற்று அதன் மூக்கைப் பிடித்துப் புரட்டப் பார்க்கும். உருண்டையான ஈயக் குண்டுக்கோ மூக்குமில்லை, வாலுமில்லை. வார்ப்பில் உள்ள சிறு ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் அளவுக்குச் சுழன்றால் போதும்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் 1853 என்ஃபீல்டு ரைபிளின் முறுக்கு 78 அங்குலம். அடுத்து வந்த விட்வொர்த் ரைபிளில் குண்டு ஒல்லி, நீளம். முறுக்கு வெறும் 20 அங்குலம். 1857 சோதனைகளில், தூரக் குறியில் விட்வொர்த்தே ஜெயித்தது.

அதற்காக உருண்டைக்கும் வேக முறுக்கு கொடுத்தால் சிக்கல்தான். உருண்டையைக் கொழுப்புத் தடவிய துணியில் பொதிந்து இடிப்பார்கள். பள்ளத்தைப் பிடிப்பது அந்தத் துணி. மருந்து கூடினால் பிடி நழுவி, உருண்டை சரியாகச் சுழலாமலே வழுக்கி வெளியேறும், அப்புறம் குறி எங்கே?

முறுக்கு கூடினால் குண்டு வேகமாகப் பறக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வேகம் தருவது மருந்து, முறுக்கு தருவது சுழற்சி மட்டுமே.