ராம் பெட்டியில இருக்கிற நம்பர மட்டும் பாத்து வாங்கலாமா?

கேள்வி: டிடிஆர்5ங்கிற புது ராம் வகையில 6000 சிஎல்30 ஒண்ணு, 6400 சிஎல்40 ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். 6400 தானே வேகம்?

பதில்: நிறைய பேர் இங்கதான் ஏமாறுறாங்க. சிஎல்லுங்கிறது டேட்டா கேட்டா எத்தனை கிளாக் (ராமோட துடிப்பு) காத்திருக்கணும்னு சொல்ற கணக்கு, அதனால அத 2000ஆல பெருக்கி வேகத்தால வகுத்தீங்கன்னா நானோ செகண்டுல விடை வந்துரும். 6000 சிஎல்30க்கு 10 வருது, 6400 சிஎல்40க்கு 12.5 வருது, அதாவது பெரிய நம்பர் போட்டதுதான் பதில் சொல்ல லேட் பண்ணுது. பழைய டிடிஆர்4 3200 சிஎல்16க்கும் இதே 10தான்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும். ஆனா ஒரே நேரத்துல அள்ளிக் குடுக்குற அளவுல 6400 முன்னாடிதான், டூயல் சேனல்ல (ரெண்டு ஸ்டிக் ஒண்ணா வேலை செய்யும்போது) நொடிக்கு 102.4 ஜிபி, 6000னா 96. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாம பிராசசர்ல இருக்கிற கிராபிக்ஸ வச்சே ஓட்டுறவங்களுக்கு அந்த அளவு ரொம்ப முக்கியம். கேமுக்குன்னா நான் 6000 சிஎல்30தான் எடுக்கச் சொல்வேன், அதுலயும் ஏஎம்டியோட ரைசன் 7000 மாதிரி பிராசசர்னா மெமரி கன்ட்ரோலரும் (பிராசசருக்குள்ள ராம கவனிக்கிற பகுதி) ராமும் ஒண்ணுக்கு ஒண்ணா, அதாவது ஒரே கிளாக்குல, சேந்து ஓடுறது பொதுவா 6000 பக்கம் சிரமமில்லாம நடக்கும்.

கேள்வி: 6000 ராம் வாங்கினேன், டாஸ்க் மேனேஜர்ல 4800னு காட்டுது, சிபியூ-இசட்ங்கிற சாஃப்ட்வேர்ல இன்னும் கம்மி. போலியா?

பதில்: போலியா இருக்காதுங்க. பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டு செட்டிங்) எக்ஸ்எம்பி இல்லன்னா எக்ஸ்போங்கிற, பெட்டியில போட்ட வேகத்துக்கு ராம கொண்டு போற செட்டிங்க ஆன் பண்ணுங்க, அது வரைக்கும் அடிப்படை வேகத்துலதான் ஓடும். ஆன் பண்ணதும் முதல் தடவை ஸ்கிரீன் சில நிமிஷம் கருப்பா இருந்தா பதறி ஆஃப் பண்ணிராதீங்க, ராம் டிரெயினிங் நடக்குது, அதாவது ராமுக்கு ஏத்த செட்டிங்க கம்ப்யூட்டரே தேடுது. சிபியூ-இசட் காட்டுறது நிஜ கிளாக், ஒரு கிளாக்குக்கு ரெண்டு தடவை டேட்டா போறதால 3000னு காட்டினா 6000தான்.

கேள்வி: ராம ஓவர்கிளாக் பண்ணேன் (வேகத்த கூட்டி வச்சேன்), கேம் நல்லாதான் ஓடுது, எப்பவாவது ஒரு தடவை தானா கிளோஸ் ஆகுது. அப்படியே விட்டுரலாமா?

பதில்: தயவு செஞ்சு விட்டுராதீங்க. நானும் ஒரு காலத்துல கேம் ஓடுதேன்னு விட்டுட்டு, பல மாசம் கழிச்சு பேக்கப் எடுத்த ஃபோட்டோவ திறந்து பாத்தா பாதிப் படம் சாம்பல் கலர்ல கிடந்துச்சு, ஒரிஜினலையும் ஏற்கனவே அழிச்சிருந்தேன், இன்னிக்கு வரைக்கும் அந்த வருத்தம் போகல. ராம்ல ஒரு பிட் மாறினா கம்ப்யூட்டர் உடனே கத்தாது, மாறினதையே அழகா சேவ் பண்ணி வச்சிரும். டிடிஆர்5 சிப்புக்குள்ள எரர் திருத்தம் இருக்கேன்னு சொல்வாங்க, அது சிப்புக்குள்ள நடக்குற தப்புக்கு மட்டும்தான், ராமுக்கும் பிராசசருக்கும் நடுவுல வர்ற தப்ப அது பிடிக்காது.

அதனால முதல்ல பென் டிரைவ்ல மெம்டெஸ்ட்86ங்கிற ராம் டெஸ்ட் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க, அப்புறம் விண்டோஸ்ல டிஎம்5, ஒய்-க்ரஞ்சர்ங்கிற டெஸ்ட் ரெண்டையும் ஓட்டுங்க, ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த செட்டிங் ஃபெயில்தான். ஒரு நேரத்துல ஒரு டைமிங்க (சிஎல் மாதிரி ராமோட நேரக் கணக்கு) மட்டும் மாத்துங்க, நாலஞ்ச ஒண்ணா மாத்திட்டா எது கெடுத்துச்சுன்னே தெரியாது. சூடும் பாருங்க, முக்கியமா டிரெஃபைய (ராம் தன் டேட்டாவ புதுப்பிக்கிற இடைவெளி) கூட்டி வச்சிருந்தீங்கன்னா ரிஃப்ரெஷ் தள்ளித் தள்ளி நடக்கும், குளிரா இருக்கும்போது பாஸ் ஆனது கிராபிக்ஸ் கார்டு சூடு ஏறினதும் கவுந்துரும். ரைசன் 7000ல எஸ்ஓசி வோல்டேஜ் (மெமரி கன்ட்ரோலர் இருக்கிற பகுதிக்குப் போற வோல்டேஜ்) 1.3ஐ தாண்டவே கூடாது, 2023ல சில பிராசசர் கருகினப்புறம் ஏஎம்டியே வச்ச வரம்பு அது.

இவ்ளோ பண்ணி லாபம் இருக்கான்னு பாக்க ஆவரேஜ் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) மட்டும் பத்தாது, 1% லோ (ரொம்ப மெதுவான 1% ஃப்ரேமோட வேகம்) பாருங்க, ஒவ்வொரு செட்டிங்கையும் மூணு தடவை ஓட்டுங்க. 4கேல டெஸ்ட் பண்ணா கிராபிக்ஸ் கார்டுதான் மூச்சு வாங்கும், ராம் வித்தியாசம் தெரியாது, 1080பில பாருங்க. பேருல எக்ஸ்3டினு வர்ற ரைசன் பிராசசர்ல கேஷ் (பிராசசருக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி) பெருசுங்கிறதால வித்தியாசம் குறைவாத்தான் தெரியும்.

கேள்வி: ரெண்டு ஸ்டிக் இருக்கு, இன்னும் ரெண்டு சேக்கலாமா?

பதில்: டிடிஆர்5ல வேண்டாங்க. ரைசன் 7000க்கு ரெண்டு ஸ்டிக்னா ஏஎம்டி சொல்ற வேகம் 5200, நாலு போட்டா 3600தான். இடம் பத்தலன்னா இருக்கிறத வித்துட்டு பெரிய சைஸ்ல ரெண்டா ஒரே கிட்டா வாங்குங்க, சாதாரணமா பிராசசர் பக்கத்துல இருந்து எண்ணி 2வது, 4வது ஸ்லாட்ல போடணும், மதர்போர்டு மேனுவல ஒரு தடவை பாத்துக்கோங்க.