மகள் தங்கப் பதக்கம் வாங்கியிருக்கிறாள், 48,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: என் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் 200 ரூபாய் கட்டி ஒரு ‘சர்வதேச கணித ஒலிம்பியாட்’ தேர்வு எழுதித் தங்கப் பதக்கம் வாங்கினாள். அதிலிருந்து டவுனில் இருக்கும் ஒரு அகாடமியிலிருந்து தினமும் போன் வருகிறது. ‘உங்கள் பெண் இன்டர்நேஷனல் லெவலுக்குத் தகுதியாகிவிட்டாள், இரண்டு வருட ஃபவுண்டேஷன் கோர்ஸில் இந்த வாரமே சேர்க்காவிட்டால் வாய்ப்பு போய்விடும்’ என்கிறார்கள். கட்டணம் 48,000 ரூபாய். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நகையை அடகு வைத்துக் கட்டலாமா? – ஒரு தாய், தென்காசி மாவட்டம்.

பதில்: நகையைத் தொடாதீர்கள் அம்மா. மற்றதைப் பிறகு சொல்கிறேன், முதலில் இதை உறுதியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிம்பியாட் என்ற பெயரில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, 1959-இல் ருமேனியாவில் தொடங்கிய உண்மையான சர்வதேச கணித ஒலிம்பியாட். இந்தியா 1989 முதல் அதில் பங்கேற்கிறது, 1996-இல் மும்பையிலேயே நடந்தது. ஒரு நாட்டிலிருந்து ஆறு பள்ளி மாணவர்கள்தான் போகலாம். இரண்டு நாள், நாளுக்கு நாலரை மணி நேரம், நாளுக்கு மூன்றே கணக்கு. 2024-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் நம் பிள்ளைகள் நான்கு தங்கம் வாங்கி, நாட்டை நான்காவது இடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

உங்கள் மகள் எழுதியது இரண்டாவது வகை. தனியார் நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு பள்ளிகளுக்குள் நடத்தும் தேர்வு. பாடப்புத்தகக் கணக்கைக் கொஞ்சம் முறுக்கி, நான்கு விடை கொடுத்து ஒன்றைக் குறிக்கச் சொல்வார்கள். வகுப்பில் முதலாவதாக வந்தால் பதக்கம். குழந்தைக்கு ஒரு சந்தோஷம், அதில் தப்பில்லை. ஆனால் அதற்கும் முதலில் சொன்னதற்கும் பெயரைத் தவிர எந்தத் தொடர்பும் இல்லை. ‘தகுதியாகிவிட்டாள்’ என்று போனில் சொன்னது பொய். எதற்கும் தகுதியாகவில்லை, எதையும் இழக்கப் போவதுமில்லை.

உண்மையான வழியின் முதல் படிக்கு ஐஓக்யூஎம் (IOQM) என்று பெயர், கணித ஒலிம்பியாடுக்கான தகுதித் தேர்வு. வழக்கமாகச் செப்டம்பரில் நடக்கும். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எழுதலாம். மூன்று மணி நேரம், முப்பது கணக்கு, தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். தேர்ந்தெடுக்க நான்கு விடைகள் இருக்காது, விடை ஓர் எண்ணாக வரும், அதைத்தான் ஓஎம்ஆர் தாளில் நிரப்ப வேண்டும். இதில் தேறியவர்கள் மண்டல அளவில் ஆர்எம்ஓ, அதிலிருந்து தேசிய அளவில் ஐஎன்எம்ஓ, பிறகு பயிற்சி முகாம், கடைசியில் அந்த ஆறு பேர். பெண் பிள்ளைகளுக்கென்று ஐரோப்பிய மாணவியர் கணித ஒலிம்பியாட் ஒன்றும் உண்டு, 2015 முதல் நம் நாட்டிலிருந்து நான்கு பேர் கொண்ட அணி போகிறது. இவையெல்லாம் மும்பையில் இருக்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் பொறுப்பில் நடக்கின்றன. முதல் படிக்குக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். நடுவில் ஏஜென்ட் என்று ஒருவருக்கும் இடமே கிடையாது.

அப்படியானால் உங்கள் போன் நம்பர் அகாடமிக்கு எப்படிப் போனது? விடைத்தாளில் பெற்றோர் கைபேசி எண்ணுக்கென்று ஒரு கட்டம் இருந்திருக்கும், மகளைக் கேட்டுப் பாருங்கள். 200 ரூபாய் தேர்வே பல ஊர்களில் ஆள் பிடிப்பதற்காகத்தான் நடக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குக் கமிஷன் வருவதை ஒரு தலைமையாசிரியரே என்னிடம் ஒத்துக்கொண்டிருக்கிறார். நான் 31 ஆண்டுகள் கல்லூரியில் கணிதம் கற்பித்தவன். ஓய்வுக்குப் பிறகு ஞாயிறுதோறும் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன். வரும் பெற்றோரில் பாதிப் பேர் ஏற்கெனவே எங்காவது பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். கோபம் வருகிறது, என்ன செய்ய?

அடுத்த முறை போன் வந்தால் ஒன்று கேளுங்கள். ‘போன வருடம் உங்களிடம் படித்து ஆர்எம்ஓ எழுதப் போன பிள்ளை யார்? அந்த வீட்டில் நான் பேச வேண்டும்.’ ஃபிளெக்ஸ் போர்டு படத்தை நம்பாதீர்கள், ஒரே பையனின் முகம் மூன்று சென்டர் போர்டுகளில் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். புத்தகக் கட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். முக்கால்வாசி பதினொன்றாம் வகுப்புச் சூத்திரங்களாக இருக்கும், ஐஐடி கோச்சிங்கை முன்கூட்டியே விற்பதற்குப் பெயர்தான் ஃபவுண்டேஷன். தேதி போடாத செக், அசல் சான்றிதழ் இரண்டையும் யாரிடமும் கொடுக்கவே கூடாது. தவணை என்பார்கள், கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது உங்கள் பெயரில் எடுத்த கடன் என்று தெரியும்.

மகளுக்கு உண்மையில் நாட்டம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நூறு புளியங்கொட்டை போதும். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை எண்ணிக்கை வைத்துப் பத்துக் குவியல் போடச் சொல்லுங்கள். ஏதாவது இரண்டு குவியலை எடுத்துவிட்டு, அவற்றின் வித்தியாசம் எவ்வளவோ அத்தனை கொட்டையை ஒரே குவியலாக வைக்க வேண்டும். ஏழையும் மூன்றையும் எடுத்தால் நான்கு. சமமாக இருந்தால் ஒன்றுமில்லாத குவியல், பூஜ்யம். இப்படியே செய்துகொண்டு போனால் கடைசியில் ஒரே குவியல் மிஞ்சும். அதில் இருப்பது ஒற்றைப்படையா, இரட்டைப்படையா?

எந்த வரிசையில் எடுத்தாலும் ஒற்றைப்படைதான் வரும். இரண்டு எண்களின் கூட்டலும் வித்தியாசமும் ஒன்று ஒற்றையானால் மற்றதும் ஒற்றை, ஒன்று இரட்டையானால் மற்றதும் இரட்டை. அதனால் மொத்தக் கொட்டைகளின் ஒற்றை இரட்டைத் தன்மை எந்தக் கட்டத்திலும் மாறுவதில்லை. தொடக்கத்தில் மொத்தம் 55, அது ஒற்றை. இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். நான்கு தடவை ஆடிப் பார்த்து, ‘ஒவ்வொரு தடவையும் ஒற்றையாகவே வருதே, ஏம்மா?’ என்று அவளாகக் கேட்டால் எனக்கு எழுதுங்கள். அந்த ‘ஏன்’தான் நான் தேடுவது. அடுத்து பன்னிரண்டு குவியல் போட்டால் என்ன ஆகும் என்று அவளே யோசிக்கட்டும். மூன்று நாள் எடுத்துக்கொண்டாலும் எடுத்துக்கொள்ளட்டும், பக்கத்திலிருந்து அவசரப்படுத்த வேண்டாம்.

பணம் கொடுத்துப் படிப்பதே வேண்டாமா என்றால், ஒரே ஓர் இடத்தில் மட்டும் சரி என்பேன். ஐஓக்யூஎம் தேறி ஆர்எம்ஓ எழுதப் போகும் பிள்ளைக்கு. அங்கே மூன்று மணி நேரத்தில் ஆறு கணக்கு, ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்டி முழுதாக எழுத வேண்டும். விடை சரியாக இருந்து, ஏன் என்பது நடுவில் ஓர் இடத்தில் விட்டுப்போனால் மதிப்பெண் போய்விடும். தான் எழுதியதில் இருக்கும் ஓட்டை பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாது, அவளுக்குத்தான் மனதில் விடை தெரியுமே. இன்னொருவர் வரி வரியாகப் படித்து, ‘இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?’ என்று கேட்க வேண்டும். அப்படி வாரம் இரண்டு கணக்கைத் திருத்திக் கொடுக்கக்கூடிய ஒருவர், கல்லூரி ஆசிரியரோ எம்எஸ்சி படிக்கும் பிள்ளையோ, கிடைத்தால் அவருடைய நேரத்துக்குப் பணம் கொடுப்பது நியாயம். ஆனால் மாதாமாதம் கொடுங்கள், மொத்தமாக வேண்டாம். திருத்திய தாளை வீட்டுக்கு அனுப்புகிறாரா என்று பாருங்கள். தாளில் சிவப்பு மையில் ‘சரி’ என்று மட்டும் இருந்தால் அடுத்த மாதம் நிறுத்திவிடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து உட்காரும் அறையாக இருந்தால் இன்னும் நல்லது, பிள்ளைகள் ஒருவர் விடையில் ஒருவர் ஓட்டை கண்டுபிடிப்பார்கள். அறுபது பேர் உட்காரும் ஹாலில் இது நடக்காது, வீடியோ பாடத்தில் நடக்கவே நடக்காது. உங்கள் மகள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

அதுவரை பள்ளிக் கணக்கு டீச்சர் போதும். அவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். சென்னையில் பள்ளி ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் ராயபுரத்தில் 1993-இல் இராமானுஜன் அருங்காட்சியகம் அமைத்தார், பிள்ளைகள் வந்து கணிதத்தைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும் என்று. அப்படிப்பட்ட மனதுள்ள ஆசிரியர்கள் இன்றும் அரசுப் பள்ளிகளில் இருக்கிறார்கள். எமிஸ் தளத்தில் பள்ளி விவரப் பதிவேற்றம், தேர்தல் வேலை, கணக்கெடுப்பு என்று அவர்களை அலைக்கழித்துவிட்டு, கணித மன்றம் என்று ஒரு பதிவேட்டை மட்டும் கேட்டால் அவர்கள் எந்த நேரத்தில் பிள்ளையோடு உட்காருவார்கள்? ஐஓக்யூஎம் அறிவிப்பு டவுனில் இருக்கும் சிபிஎஸ்இ பள்ளியின் பலகையில் ஒட்டியிருக்கும், உங்கள் பள்ளிக்கு ஒரு வரி வந்திருக்காது. வினாத்தாள் தமிழில் வராதது எனக்குத் தீராத வருத்தம். தமிழ்வழிப் பிள்ளைக்குக் கணக்கு தெரியும், கேள்வி புரியாது. இதை எத்தனை கூட்டத்தில்தான் சொல்வது? அதனால் டீச்சரிடம் பழைய வினாத்தாள்களைத் தமிழில் சொல்லித் தரச் சொல்லுங்கள். ஆர்எம்ஓ, ஐஎன்எம்ஓ தாள்கள் ஹோமி பாபா மையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சென்னையிலிருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தின் போட்டியில் ஏழு, எட்டாம் வகுப்புக்கென்று கணித அறிஞர் காப்ரேக்கர் பெயரில் ஒரு பிரிவு உண்டு, அதையும் எழுதலாம்.

அவசரம் என்று அகாடமி சொன்னதில் உண்மை இல்லை. ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றில் உண்மையிலேயே அவசரம் இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்எம்எம்எஸ் என்று ஓர் உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள், 48,000. அகாடமி உங்களிடம் கேட்கும் அதே தொகை, உங்கள் மகள் பெயருக்கு வரக்கூடியது. எட்டாம் வகுப்பில் மட்டும்தான் எழுத முடியும், ஒன்பதுக்குப் போனபின் யார் சிபாரிசு செய்தாலும் கிடையாது. தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அறிவிப்பு வந்ததா என்று நாளைக்கே போய்க் கேளுங்கள், வரும் வழியில் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கும் எழுதிப் போட்டுவிடுங்கள்.