நிறம் பார்த்து எடுத்த பிள்ளைகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரேலியப் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு சந்தேகம். வறுமையில் கிடந்த பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் கொடுக்கத்தானே அரசு கூட்டிப்போனது? வழி தவறாக இருக்கலாம், எண்ணம் நல்லதுதானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பசியைப் பார்த்து எடுத்திருந்தால் நீங்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும். அவர்கள் பெரும்பாலும் பார்த்தது நிறத்தை. வெள்ளையரும் பழங்குடியினரும் கலந்து பிறந்த, தோல் வெளுத்த பிள்ளைகளைத்தான் அதிகம் குறிவைத்தார்கள். கலப்பில் பிறந்தவர்களை வெள்ளையரோடு கரைத்துவிடுவதே இலக்கு என்று 1937இல் கான்பெராவில் கூடிய அதிகாரிகள் தீர்மானமே போட்டார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1915இலேயே, நீதிமன்றத்துக்குப் போகாமல் பிள்ளையை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அங்கிருந்த அரசின் பழங்குடியினர் பாதுகாப்பு வாரியத்துக்குக் கிடைத்துவிட்டது. வீட்டில் பட்டினி என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

சரி, படிப்பு? எடுத்த பிள்ளைகளை வைத்திருந்த கூட்டமுண்ட்ரா இல்லத்துப் பெண்பிள்ளைகளை வெள்ளையர் வீடுகளில் வேலைக்காரிகளாக்கப் பழக்கினார்கள். கின்செலா இல்லத்துப் பையன்களைப் பெயர் சொல்லிக்கூட அல்ல, எண் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

புரூஸ் டிரெவோரோவின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 1957 கிறிஸ்துமஸ் அன்று, 13 மாதக் குழந்தையான அவரை வயிற்றுவலிக்காக அடிலெய்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டே வாரத்தில், பெற்றவர்களுக்குத் தெரியாமல், ஒரு வெள்ளைக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை எப்படியிருக்கிறான், எப்போது வீட்டுக்கு வருவான் என்று கேட்டுத் தாய் கடிதம் எழுதினார். தேறி வருகிறான், ஆனால் டாக்டர் இன்னும் அனுப்பச் சொல்லவில்லை என்று தெற்கு ஆஸ்திரேலியாவின் பழங்குடியினர் வாரியம் பதில் எழுதியது. பிள்ளையோ மருத்துவமனையிலேயே இல்லை! தாயிடம் திரும்பும்போது அவருக்குப் பத்து வயது. அப்புறம் வாழ்நாள் முழுக்க மனச்சோர்வும் குடியும். அதே ஏழை வீட்டில் வளர்ந்த உடன்பிறப்புகளுக்கு இந்தக் கதி இல்லை என்பதை நீதிமன்றமே கவனித்தது. வாரியம் செய்தது சட்டவிரோதம் என்று 2007இல் தீர்ப்பளித்து, 5,25,000 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மறுவருடமே அவர் இறந்துபோனார். அந்தத் தாய்க்குப் பொய் எழுதிய கையில் எந்த நல்ல எண்ணத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை.

2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் இன்றும் அங்கே அரசுப் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளில் பழங்குடியினரின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிடப் பலமடங்கு அதிகம். 1997இல் வெளிவந்த மனித உரிமை ஆணைய விசாரணை அறிக்கையைப் படித்துப் பாருங்கள். 500க்கும் மேற்பட்ட பழங்குடியினர் அதற்குச் சாட்சியம் அளித்திருக்கிறார்கள். படித்த பிறகும் இதே சந்தேகம் இருந்தால் எழுதுங்கள், பேசுவோம்.