ஓட்டப் பயிற்சிச் செயலிகள் புதிதாக ஓடுபவர்களுக்கு எவ்வாறு துணைசெய்கின்றன?

ஊடாடும் ஓட்டத் தொழில்நுட்பம் என்பது, நம் வேகத்தையும் தூரத்தையும் இதயத்துடிப்பையும் கணித்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே குரலாலோ அதிர்வாலோ வழிகாட்டும் கைபேசிச் செயலிகளையும் கைக்கடிகாரங்களையும் குறிக்கும்.

புதியவர்கள் பலர் தம் வேகத்தைச் சரியாக உணர இயலாமல், தொடக்கத்திலேயே விரைந்தோடி மூச்சுவாங்கி, ஓட்டம் தமக்கு ஒத்துவராது என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். இது மிகவும் வருந்தத்தக்கது. பாடுபவர் பாட்டில் முந்திவிடாதபடி தாளம் கட்டுப்படுத்துவதுபோல, செயலியின் குரல் அவர்களை நிதானப்படுத்துகிறது. 1996இல் ஜோஷ் கிளார்க் என்பவர் புதியவர்களுக்காக வகுத்த 'கவுச் டு 5கே' (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு) திட்டத்தின் வழிவந்த செயலிகள், முதல் வாரத்தில் 60 நொடி மெல்லோட்டம், 90 நொடி நடை என மாறிமாறி அறிவித்து, வாரத்துக்கு 3 நாள் பயிற்சியில், 9 வாரங்களில் 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஆயத்தப்படுத்துகின்றன. அடுத்த நடை அருகில் இருக்கிறது என்ற உறுதியே பெரிய ஊக்கம் என்பேன்.

கடிகாரம் காட்டும் கலோரிக் கணக்கைத் துல்லியமான அளவீடு என்று பலர் நம்பினாலும், அது எடை, துடிப்பு முதலியவற்றைக் கொண்டு போடப்படும் மதிப்பீடு மட்டுமே.