சம்பளம் உயர்ந்தும் கையில் நிற்காத பணம்: கேள்வி பதில்

வங்கியின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவள் நான். நல்ல சம்பளம் வந்தும் சேமிக்க முடியவில்லை என்று எழுதியவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கணக்கில் வரும் வட்டி விகிதங்கள் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் வங்கியில் சற்றுக் கூடலாம், குறையலாம்.

கேள்வி (பெருங்குடி, மென்பொருள் பணி): மேடம், எனக்கும் மனைவிக்கும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் 2,60,000 ரூபாய். ஆடம்பரம் என்று எதுவும் செய்வதாகத் தெரியவில்லை. ஆனாலும் 20ஆம் தேதிக்குமேல் கிரெடிட் கார்டில்தான் ஓடுகிறது. வீட்டுக் கடன் 80 லட்சம், 20 ஆண்டு. கார் கடன் 12 லட்சம், ஐந்து ஆண்டு. வீட்டின் உள்வேலைகளுக்காக வாங்கிய தனிநபர் கடன் 5 லட்சம், மூன்று ஆண்டு. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 3,60,000. ஓட்டல் சாப்பாட்டை நிறுத்தினால் நிலைமை சரியாகுமா?

பதில்: ஓட்டலைப் பற்றிய கவலையை விடுங்கள், உங்கள் பணம் அங்கே போகவில்லை. வீட்டுக் கடனுக்கு 8.5 சதவீத வட்டி என்றால் தவணை சுமார் 69,400. காருக்கு 9 சதவீதத்தில் 24,900. தனிநபர் கடனுக்கு 12 சதவீதத்தில் 16,600. பள்ளிக்கு மாதம் 30,000 ஒதுக்க வேண்டும். குடியிருப்புப் பராமரிப்புக்கு 6,000, சமையல் செய்பவருக்கும் வீட்டு வேலைக்கும் 14,000 என்று நான் வைத்துக்கொள்கிறேன். கூட்டினால் 1,60,900. சம்பளம் வந்த அன்றே அதில் 62 சதவீதம் பிறருடையதாகிவிடுகிறது. மளிகை, பெட்ரோல், மின்சாரம், காப்பீடு, ஊருக்குப் போய்வருவது, விசேஷங்களுக்கு மொய் எழுதுவது எல்லாம் மீதி 99,100க்குள் அடங்க வேண்டும். ஓட்டலில் மாதம் 4,000 மிச்சம் பிடித்தாலும் இந்தக் கணக்கின் உருவம் மாறாது.

இந்தச் செலவுகள் ஒவ்வொன்றும் எப்போது வந்தன என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சம்பள உயர்வுக்கோ புது வேலைக்கோ அடுத்த சில மாதங்களில் வந்திருக்கும். கடன் விண்ணப்பங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான். உயர்வுக் கடிதத்தின் நகலை இணைத்துக்கொண்டுதான் கார் கடன் கேட்க வருவார்கள். தவணை கட்ட முடியுமா என்பதை மட்டும் வங்கி பார்க்கும். கட்டிய பிறகு உங்களிடம் என்ன மிஞ்சும் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வீட்டுக் கடன் கட்டுவதும் சேமிப்புதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். முதல் மாதம் நீங்கள் கட்டும் 69,400இல் ஏறத்தாழ 56,700 வட்டிக்கே போகிறது. அசலில் குறைவது 12,700தான். தவணையில் பாதி அசலுக்குப் போகும் நிலை பன்னிரண்டாம் ஆண்டில்தான் வரும். எனவே முதல் பத்து ஆண்டுகளுக்கு முழுத் தவணையையும் சேமிப்புக் கணக்கில் எழுதாதீர்கள்.

கேள்வி (மேலே எழுதியவரின் மனைவி): பிள்ளைகளின் பள்ளியை மாற்ற எனக்கு மனமில்லை. வீட்டை விற்கவும் முடியாது. அப்படியானால் எதைத்தான் குறைப்பது?

பதில்: இரண்டையும் தொட வேண்டாம், அம்மா. முதலில் முடியப்போகும் கடன் எது என்று பாருங்கள். தனிநபர் கடன் முடிகிற அதே மாதத்தில் அந்த 16,600 ரூபாயைத் தொடர் வைப்புக்குப் போகும்படி வங்கியில் இப்போதே எழுதிக் கொடுங்கள். அந்தத் தொகை இல்லாமல் குடும்பம் நடத்திப் பழகிவிட்டீர்கள். ஒரு மாதம் அது கையில் புழங்கிவிட்டால் பிறகு திரும்பக் கிடைக்காது.

கார் விஷயத்தில் உங்கள் கணவரிடம் பேசுங்கள். கடன் முடிந்ததும் புதுக் கார் வாங்கும் வழக்கம் நம் அடுக்குமாடிகளில் பரவிவிட்டது. இதே காரை இன்னும் ஐந்து ஆண்டு ஓட்டி, அந்த 24,900 ரூபாயை மாதந்தோறும் 7 சதவீதத்தில் போட்டுவந்தால் சுமார் 17.8 லட்சம் சேரும். அடுத்த காரைக் கடனே இல்லாமல் வாங்கலாம். நீங்கள் எழுதியவற்றில் இதைவிடப் பெரிய தொகையை இதைவிடக் குறைந்த வலியில் மிச்சப்படுத்த வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி (கோயம்புத்தூர், வயது 27): கார்டில் ஒரு லட்சம் நிலுவை. மாதம் 5,000 கட்டிக்கொண்டே இருக்கிறேன், குறையவே இல்லை. வங்கி தவறாகக் கணக்கிடுகிறதா?

பதில்: கணக்கு சரியாகத்தான் இருக்கும். மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 3,500. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 630. ஆக 4,130 போய், நீங்கள் கட்டிய 5,000இல் நிலுவை குறைவது 870 ரூபாய்தான். நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது; வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆண்டுக்கு 42 சதவீத வட்டிக்கு இந்தக் கடனைச் சுமக்க உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. நல்ல சம்பளக் கணக்கு இருப்பதால் 12 முதல் 16 சதவீதத்துக்குள் தனிநபர் கடன் கிடைக்கும். அதை வாங்கி, கார்டை முழுதாக அடைத்து, கடன் தீரும்வரை கார்டைப் பயன்படுத்தாதீர்கள். இந்த வாரமே செய்யுங்கள், தம்பி.

கேள்வி (சோழிங்கநல்லூர்): வட்டியில்லாத் தவணையில் போன், வாஷிங் மெஷின் வாங்குவதில் என்ன நஷ்டம்?

பதில்: வட்டியில்லாக் கடன் என்று எதுவும் கிடையாது. பூஜ்ஜிய வட்டித் திட்டங்களில் உண்மையான வட்டி மறைக்கப்படுகிறது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளைக் கண்டித்தது. வழக்கமாக வட்டிக்குச் சமமான தொகையைத் தள்ளுபடியாகக் காட்டுவார்கள். ஆனால் அந்த வட்டிமீதான ஜி.எஸ்.டி.யும் பரிசீலனைக் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். தொகை சிறியதுதான். அடுத்த ஒன்பது மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை இன்றைக்கே விற்றுவிடுகிறீர்கள் என்பதுதான் என் கவலை. அப்படி நான்கு பொருள் சேர்ந்தால் அடுத்த உயர்வு வரும்போதே செலவாகியிருக்கும்.

கேள்வி (பெங்களூரில் பணி, சொந்த ஊர் விருதுநகர் மாவட்டம்): அம்மா, எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். கைக்கு 1,40,000 வருகிறது. வீட்டுக்கு 40,000 அனுப்புகிறேன், தங்கை திருமணக் கடனுக்கு 15,000 கட்டுகிறேன். உடன் வேலை செய்பவர்கள் "இப்படி அனுப்பினால் நீ எப்போது சேர்ப்பாய்" என்கிறார்கள். நான் தவறு செய்கிறேனா?

பதில்: இல்லை, தம்பி. கேட்பவர்களில் பலருடைய பெற்றோருக்கு ஓய்வூதியம் வரும், சொந்த வீடு இருக்கும். உங்கள் பெற்றோருக்கு ஓய்வூதியம் நீங்கள்தான். அந்த 40,000 உங்கள் படிப்புக்கு அவர்கள் போட்ட உழைப்பின் பலன். அதை வீண்செலவுப் பட்டியலில் எழுதாதீர்கள். முதல் வரியில் எழுதி, அதற்குமேல் கேட்டால் எங்கிருந்து எடுப்பது என்பதையும் அப்பாவிடம் திறந்து பேசுங்கள். மகனின் சம்பளம் எவ்வளவு, அதில் வரி எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று தெரியாத பெற்றோர்தான் அளவுக்கு மீறிக் கேட்பார்கள். தெரிந்தபின் அவர்களே கணக்காக இருப்பார்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: பெற்றோருக்குத் தனியாக மருத்துவக் காப்பீடு. நிறுவனம் தரும் காப்பீடு வேலை உள்ளவரைதான். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கும், ஆகவே சீக்கிரம் எடுப்பது நல்லது. ஒரே ஒரு மருத்துவமனைச் செலவால் பல வருடச் சேமிப்பு கரைந்த குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (தாம்பரம்): புதிய வரி முறைக்கு மாறிவிட்டேன். சேமிப்புக்கு வரிக் கழிவு தரும் 80சி பிரிவின் சலுகை அதில் இல்லை. இனி பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) எதற்கு?

பதில்: வரிக்காகவாவது ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ஒதுங்கிக்கொண்டிருந்தது. சலுகையோடு அந்தப் பழக்கத்தையும் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பி.பி.எஃப். வட்டி 2020 ஏப்ரல் முதல் 7.1 சதவீதம், அந்த வட்டிக்கு இன்றும் வரி கிடையாது. தொடருங்கள்.

கேள்வி (சிறுசேரி): அடுத்த மாதம் கையில் 18,000 கூடுதலாக வரும். இந்த முறையாவது நிற்க வேண்டும். என்ன செய்யட்டும்?

பதில்: சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களிடம், இப்போதைய சம்பளத்தைத் தொடாமல், இனி வரும் உயர்வில் ஒரு பங்கைச் சேமிப்புக்குத் தர முன்கூட்டியே சம்மதம் வாங்கினார்கள். சம்பளத்தில் 3.5 சதவீதமாக இருந்த அவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் 13.6 சதவீதமானது. கையில் இருப்பதைக் குறைத்தால் இழப்பாகத் தெரியும். இன்னும் வராததை ஒதுக்குவதில் வலி இல்லை.

நீங்களும் பாதியை, 9,000 ரூபாயை, சம்பளம் வரும் மறுநாளே தானாகப் பிடிக்கும்படி இன்றைக்கே எழுதிக் கொடுங்கள். 7 சதவீதத்தில் இருபது ஆண்டில் நீங்கள் போடும் 21.6 லட்சம் சுமார் 46.9 லட்சமாகும். மீதி 9,000ஐ மகிழ்ச்சியாகச் செலவழியுங்கள். உழைத்தவருக்கு உயர்வின் ருசி தெரிய வேண்டும்.

கேள்வி (வயது 44, மென்பொருள் மேலாளர்): எங்கள் நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடக்கிறது. எத்தனை மாதச் செலவைக் கையில் வைக்க வேண்டும்?

பதில்: வழக்கமாக ஆறு மாதம் என்பார்கள். உங்கள் வயதில், மேலாளர் பதவியில், அதே சம்பளத்தில் மறுவேலை கிடைக்கக் காலமாகும். ஒரு வருடத் தவணை, பள்ளிக் கட்டணம், சாப்பாடு, காப்பீடு ஆகியவற்றுக்கான தொகையை வைப்பு நிதியில் வையுங்கள். பங்குகளில் வேண்டாம்; ஆட்குறைப்பு நடக்கும் காலத்தில் சந்தையும் விழுந்திருக்க வாய்ப்புண்டு. அந்தத் தொகை சேரும்வரை வீட்டுக் கடனுக்குக் கூடுதல் பணம் கட்டுவதை நிறுத்துங்கள். வங்கிக்குள் போன பணத்தை வேலை போன பிறகு திருப்பிக் கேட்க முடியாது. அந்த நேரத்தில் புதிய கடனும் யாரும் தர மாட்டார்கள். பணியில் ஐந்து ஆண்டு முடிந்திருந்தால் பணிக்கொடை எவ்வளவு வரும் என்று சம்பளப் பிரிவில் இந்த மாதமே கேட்டு எழுதி வையுங்கள்.