காணிக்கைப் பையும் உத்திரமும்: கேள்வி பதில்

மற்றவரைக் குற்றவாளி என்று தீர்ப்பது, தன் பாவத்தைப் பார்ப்பது, இந்த இரண்டையும் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்திருக்கிறேன். நான் குருவானவர் இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் பெரிய வகுப்பு எடுத்தவன், சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியில் பல வருடம் உட்கார்ந்தவன். கொஞ்சம் கிரேக்கம் படித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஐயா, என் தம்பி தினமும் குடிக்கிறான். கேட்டால் "குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்று வசனத்தை எடுத்து வீசுகிறான். அப்படியென்றால் தப்பைத் தப்பு என்று சொல்லவே கூடாதா?

மத்தேயு 7-ல் உங்கள் தம்பி முதல் வசனத்தோடு நிறுத்திவிட்டார். ஐந்தாம் வசனம் வரைக்கும் போகச் சொல்லுங்கள்: "முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய்." துரும்பு அப்படியே கிடக்கட்டும் என்று ஆண்டவர் சொல்லவில்லை. எது முன்பு, எது பின்பு என்றுதான் சொல்கிறார்.

உத்திரம் என்றால் ஓட்டு வீட்டில் சுவருக்குச் சுவர் போட்டிருக்குமே, அந்த மரம். அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒருவன் அடுத்தவன் கண்ணில் தூசி எடுக்கப் போகிறான். தச்சு வேலை தெரிந்த இயேசு சொன்ன நகைச்சுவை இது. நாம் ஆலயத்தில் இழுத்து இழுத்து வாசிப்பதால் யாரும் சிரிப்பதில்லை.

கண்ணில் விழுந்த தூசியை எடுத்துவிடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். முகத்துக்குக் கிட்டே வந்து, இமையை விரலால் விரித்து, சேலை நுனியைச் சுருட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பார். தெருவின் அந்தப் பக்கம் நின்று கத்துகிறவரால் எடுக்க முடியாது. தம்பியிடம் எவ்வளவு கிட்டே போக முடிகிறது என்று பாருங்கள்.

அப்புறம், குடி ஒரு நோயும்கூட. மருத்துவரிடம் காட்டுங்கள், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்கும் அனுப்பலாம். அங்கே பேச எழுந்திருக்கிறவர் "நான் ஒரு குடிநோயாளி" என்றுதான் ஆரம்பிப்பார். பல ஆலயங்களில் நான் கேட்காத பாவ அறிக்கை அது.

ஆயக்காரன் உவமையில் பரிசேயன் என்ன தப்பு செய்தான்? அவன் சொன்னது எல்லாம் உண்மைதானே?

உண்மைதான், அதுதான் உவமையின் கூர். மதக் கண்டிப்புள்ள பரிசேயனும் வரி வசூலிக்கும் ஆயக்காரனும் ஆலயத்தில் ஜெபிக்கிறார்கள், ஆயக்காரன்தான் நீதிமானாக வீடு திரும்புகிறான். அவன் பொய் சொன்னதாக லூக்கா 18 எங்கேயும் சொல்லவில்லை. நியாயப்பிரமாணம் கேட்டது வருடத்துக்கு ஒரு நாள் உபவாசம், பாவநிவாரண நாளில். இவன் வாரத்துக்கு இரண்டு நாள் இருந்தான். தசமபாகமும் வருமானம் எல்லாவற்றிலும் கொடுத்தான். இப்படி ஒருவர் கிடைத்தால் நம் சேகரத்தில் உடனே பொருளாளர் ஆக்கிவிடுவோம்.

அவன் ஜெபத்தில் "இந்த ஆயக்காரனைப்போலவும்" என்று ஒரு வார்த்தை வருகிறது பாருங்கள். தேவனை நோக்கி ஜெபிக்கிறவனுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறான் என்று எப்படித் தெரிந்தது? ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறான். ஆயக்காரனோ கண்ணை ஏறெடுக்கவே இல்லை. இன்னொன்று, தமிழில் "பாவியாகிய என்மேல்" என்று இருக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் சுட்டிச் சொல்லும் சொல் ஒன்று உண்டு. ஏதோ ஒரு பாவி என்றில்லாமல், "அந்தப் பாவி நான்தான்" என்கிற மாதிரி. அவன் ஜெபத்தில் வேறு ஆளே இல்லை.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். 'திதகே' என்று ஆதி சபையின் சின்னக் கையேடு ஒன்று இருக்கிறது. மாயக்காரர் வாரத்தின் இரண்டாம் நாளும் ஐந்தாம் நாளும் உபவாசிக்கிறார்கள், நீங்கள் அவர்களோடு சேராமல் நான்காம் நாளும் ஆறாம் நாளும் இருங்கள் என்கிறது அது. அதாவது அவர்கள் திங்கள், வியாழன். நாம் புதன், வெள்ளி. கிழமையை மாற்றியாயிற்று. ஓரக்கண்ணை மாற்றினோமா என்பது வேறு கேள்வி.

எங்கள் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் ஊர்க்கதை ஓடுகிறது. எப்படி நிறுத்துவது?

ஆண்கள் கூட்டத்திலும் ஓடுகிறது, சகோதரி. எனக்கு அந்த நடை அத்துப்படி. முதலில் ஒரு பெருமூச்சு. "பேர் சொல்ல வேண்டாம்னு நினைக்கிறேன்..." பிறகு தெரு சொல்லப்படும். பிறகு "மூத்த பொண்ணு நர்சிங் படிக்குதே, அந்த வீடு". எல்லாரும் "அடடா" என்பார்கள். கடைசியில் "ஜெபிச்சுக்கோங்க". ஆனால் ஜெபம் என்னவோ அரை நிமிஷம்தான்.

ஒரு வழி எங்களிடம் வேலை செய்தது. அவரவர் தங்களுக்கான குறிப்பை மட்டும் சொல்லலாம். மற்றவருக்காக என்றால் அவர் அனுமதி வாங்கி வர வேண்டும் என்று வைத்தோம். முதல் வாரம் பத்து நிமிஷம் யாரும் வாயே திறக்கவில்லை. மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் ஒருவர், "எனக்கு என் மருமகள்மேல் எரிச்சல் தீரவில்லை, எனக்காக ஜெபியுங்கள்" என்றார். அவர் பேசி முடித்ததும் இன்னும் நாலு பேர் பேசினார்கள்.

வள்ளுவரும் இதை அறிந்திருக்கிறார். "ஏதிலார் குற்றம்போல் தங்குற்றங் காண்கிற்பின் தீதுண்டோ மன்னும் உயிர்க்கு" என்ற குறளை அவர் வைத்திருக்கும் இடம் புறங்கூறாமை அதிகாரம், அதன் கடைசிக் குறள். புறம் பேசுகிறவனுக்குக் கடைசியாகச் சொல்ல அவரிடம் இருந்த மருந்து அதுதான்.

நாங்கள் கத்தோலிக்கர். திருப்பலியில் வாராவாரம் மார்பில் தட்டி "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்கிறோம். வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது. இதில் என்ன பயன்?

வாய்ப்பாடு ஆகிவிட்டாலும் அந்தக் கையை விட்டுவிடாதீர்கள். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது பாருங்கள். நாள் முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரல் அந்த ஒரு நிமிஷமாவது நம் மார்பில் படுகிறது. தட்டும்போது மனதுக்குள் ஒரே ஒரு காரியத்தைப் பெயர் சொல்லி நினையுங்கள். "பாவங்கள் பல" என்றால் ஒன்றும் உறைக்காது. செவ்வாய்க்கிழமை மாமியாரிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியம் என்றால் உறைக்கும்.

எகிப்தில் நான்காம் நூற்றாண்டில் மோசே என்று ஒரு துறவி இருந்தார். முன்பு கொள்ளைக்காரர். அவர் இருந்த ஸ்கேத்திஸ் பாலைவனத்துக்கு இன்றைய பெயர் வாதி நத்ரூன். அங்கே ஒரு சகோதரன் ஏதோ தவறு செய்துவிட, விசாரிக்கக் கூடினார்கள். மோசே போகவில்லை, ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். பழைய கூடை ஒன்றில் மணலை நிரப்பி முதுகில் சுமந்துகொண்டு வந்தார். (ஒழுகும் பாத்திரத்தில் தண்ணீர் என்றும் சொல்வார்கள்.) ஓட்டை வழியே மணல் பின்னால் கொட்டிக்கொண்டே வந்தது. என்ன இது என்று கேட்டதற்கு, "என் பாவங்கள் எனக்குப் பின்னால் கொட்டிக்கொண்டிருக்கின்றன, நான் பார்க்கவில்லை. இன்னொருவன் தவறுக்குத் தீர்ப்புச் சொல்ல வந்திருக்கிறேன்" என்றார். அந்தச் சகோதரனை மன்னித்துவிட்டார்கள்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்று நம் ஊரில் சொல்வோமே, அதை அவர் நடந்து காட்டிவிட்டார்.

எங்களுக்குத் தெரிந்த சபையில் ஊழியர் ஒருவர் சிறு பிள்ளையிடம் தவறாக நடந்துகொண்டார். கமிட்டியில் "நாமெல்லாரும் பாவிகள்தானே, யார் முதல் கல் எறிவது" என்று மூடப் பார்க்கிறார்கள்.

இதற்கு நீட்டி முழக்க மாட்டேன். காவல் நிலையத்துக்குப் போங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-ன்படி தெரிந்தவர் புகார் கொடுப்பது கடமை. கொடுக்காமல் மறைத்தால் அதுவே குற்றம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-க்கு உடனே பேசலாம்.

வேதத்தை வைத்து மூடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாழ்மை என்பது என் பாவத்தை நான் ஒத்துக்கொள்வது. அந்தப் பிள்ளைக்கு நேர்ந்ததை மன்னித்துவிட கமிட்டிக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி போய் "நீயே அந்த மனுஷன்" என்றபோது, "நானும் பாவிதான், விடுங்கள் ராஜா" என்று சொல்லவில்லையே. பாவமில்லாதவன் முதல் கல் எறியட்டும் என்று இயேசு சொன்ன யோவான் 8-ல் கல்லோடு நின்றவர்கள், தப்ப வழியில்லாத ஒருத்தியைச் சுற்றி நின்றவர்கள். இங்கே பலம் யார் பக்கம்? அந்த வசனத்தை இங்கே இழுப்பது எனக்குக் கோபம் வரவைக்கிறது.

எப்போதும் என் பாவத்தையே நினைத்து மனம் சோர்ந்துபோகிறது. இதுதான் தாழ்மையா?

இல்லை, தம்பி. "நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச் சொல்லுகிறதில்லை" என்று பவுல் 1 கொரிந்தியர் 4-ல் எழுதுகிறார். அதே பவுல்தான் "பிரதான பாவி நான்" என்றும் எழுதியவர். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும். ஒத்துக்கொண்டதை விட்டுவிட்டு எழுந்து சாப்பிடுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, சாக வேண்டும் என்று தோன்றுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

அங்கிள், இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் யாரையாவது தீர்த்ததுண்டா?

உண்டு. இந்தக் கேள்வி வரக்கூடாது என்று நினைத்திருந்தேன். வந்துவிட்டது, சரி.

ஒரு அறுப்பின் பண்டிகை. ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் காணிக்கை எண்ணினோம். ஒருவர் தான் ஆயிரம் ரூபாய், இரண்டு ஐந்நூறு தாள், போட்டதாகச் சொன்னார். கணக்கில் அது வரவில்லை. பை எடுத்த நாலு பேரில் ஒருவன் வேலையில்லாத பையன், அப்பா இல்லாத வீடு. கமிட்டியில் யாரும் பெயர் சொல்லவில்லை. நான்தான், "கஷ்டப்படுகிற பிள்ளைகளை ஏன் சோதனைக்கு உட்படுத்தணும்? இனிமே வேற ஆள் எடுக்கட்டும்" என்றேன். எவ்வளவு பக்குவமாகப் பேசினேன் பாருங்கள். அடுத்த ஞாயிறு அவன் கையில் பை கொடுக்கப்படவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அவன் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்துப் பைகளைத் தைக்கக் கொடுக்க எடுத்தோம். மெரூன் வெல்வெட் பை, கைப்பிடி வளையத்துக்குக் கீழே உள்துணி ஒரு விரல் அளவுக்குத் தையல் விட்டிருந்தது. அதற்குள் இரண்டு தாளும் நாலாக மடித்தபடி இருந்தன.

கமிட்டியில் எல்லார் முன்னாலும் சொன்னேன். பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா டீ போட்டுக் கொடுத்தார்கள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, "சரி அங்கிள்" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பையன் திரும்பி வந்தானா?

இல்லை. வேறு சபைக்குப் போகிறான். கடைத்தெருவில் எதிரே வந்தால் தலையசைப்பான். அந்தப் பையைத் தைத்து இன்னும் பயன்படுத்துகிறோம். எண்ணி முடித்ததும் உள்துணிக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.