வீக்கம் வடிந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்த மூன்றாம் வாரத்தில் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தது. டாப்ளர் ஸ்கேனில் சிரையில் ரத்தம் உறைந்திருப்பது தெரிந்ததால், ரிவராக்ஸபான் மாத்திரையை மூன்று மாதம் சாப்பிடச் சொன்னார்கள். ஒரே மாதத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. இனியும் மாத்திரை தேவையா? எண்ணெய் தேய்த்து நீவினால் மிச்சக் கட்டியும் கரையும் என்கிறார் அத்தை. கீரையும் கூடாதாமே?
- வாசகி, மதுரை

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம், காலை நீவவே வேண்டாம். இந்த மாத்திரை கட்டியைக் கரைப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கட்டி மேலும் வளராமலும் புதிதாக உருவாகாமலும் தடுக்கிறது. கரைக்கும் வேலையை உடலே மெல்ல மெல்லச் செய்துகொள்கிறது. அதற்கு அவகாசம் தரவே குறைந்தது மூன்று மாதம் என்கிறோம். அழுத்தி நீவும்போது கட்டியின் ஒரு துண்டு பிய்ந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனிக்குப் போய் அடைத்துக்கொள்ளக்கூடும். அத்தையின் அக்கறையைக் குறை சொல்லவில்லை, ஆனால் சுளுக்குக்குச் செய்வதை இதற்குச் செய்யக் கூடாது. மருத்துவர் அனுமதித்த அளவுக்கு நடப்பது நல்லது.

ரத்த ஓட்டம் மந்தமாவது, சிரையின் உட்சுவர் காயப்படுவது, ரத்தத்தின் உறையும் தன்மை மிகுவது ஆகிய மூன்றுமே சிரையில் ரத்தம் உறையக் காரணங்கள். மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையில் மூன்றும் ஒருசேர அமைந்துவிடுகின்றன. காரணம் இப்படித் தெளிவாக இருப்பதால் உங்கள் அம்மாவுக்கு மூன்று மாதம் போதுமானதாக இருக்கலாம். காரணமே தெரியாமல் உறைந்தவர்களுக்கும் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் சிகிச்சை நீளும்.

கீரைக் கட்டுப்பாடு வார்ஃபரின் என்ற பழைய மாத்திரைக்கு உரியது. கீரையிலுள்ள வைட்டமின் கே அதன் வேலையைக் குறைக்கும். ஆனாலும் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள்கூடக் கீரையை விலக்க வேண்டியதில்லை, அளவை ஏற்றி இறக்காமல் உண்டால் போதும். ரிவராக்ஸபானுக்கு அந்தக் கவலை இல்லை.

நான் அஞ்சுவது வேறொன்றை. மூட்டு வலி தாங்காமல் மருந்துக்கடையில் டைக்குளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைத் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் அதிகம். அது ரிவராக்ஸபானுடன் சேரும்போது இரைப்பையில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடுகிறது. மலம் கறுத்துப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழைத்துவிடுங்கள்.